பரிக்கு ஏற்ற நிலம்: காயல் துறை முதல் ஒசூர் மேட்டு நிலம் வரை

பண்டைத் தமிழகத்திற்குக் குதிரை கடல்வழியே வந்தது என்பது சங்க இலக்கியம் பயில்வார் அனைவரும் அறிந்த செய்தியாகும். காவிரிப்பூம்பட்டினத்து மறுகில் மண்டிக் கிடந்த பண்டங்களை அடுக்கிக் கூறும் பட்டினப்பாலை, நீரின் வந்த புரவியையே அவ்வடுக்கின் முதற்கண் வைத்துள்ளது. நீர்ப்பெயற்றுத் துறையில் நின்ற நாவாய்கள் பால் போன்ற வெண்மையான பிடரிமயிரையுடைய புரவிகளையும் வடநாட்டு வளங்களையும் ஒருங்கே கொணர்ந்தன என்று பெரும்பாணாற்றுப்படை குறிக்கின்றது. சோழர் கல்வெட்டுக்களில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் காணப்படுகின்றனர். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களில் குதிரைச் சேவகர் என்ற படைப்பிரிவினர் குறிக்கப்பெறுகின்றனர். இவையெல்லாம் குதிரை வந்த கதை. வந்த குதிரை இந்நாட்டில் எங்கே நின்றது, எத்துணைக் காலம் உயிர் வாழ்ந்தது, குட்டி ஈன்றதா, ஈன்ற குட்டி தாயைப் போல் வளர்ந்ததா என்னும் வினாக்கள் வேறு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுதோறும் பொன் கொடுத்து வாங்கிக்கொண்டே இருந்த ஒரு நாடு, அவ்விலங்கைத் தன் மண்ணிலேயே பெருக்கிக்கொள்ளாதது ஏன்? இதற்கு அயல்நாட்டார் கூறிச் சென்ற விடை, தமிழர்க்குக் குதிரை பேணத் தெரியாது என்பதே. அவ்விடை எவ்வளவில் பொருந்தும் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாராய்ச்சியில், பிற்காலத்தே ஆங்கிலேயர் தம் படைக்குதிரைகளை ஒசூர் மேட்டு நிலத்திற்குக் கொண்டு சென்ற செய்தி நமக்குப் பெருந்துணை புரிகின்றது.

முதலில் குற்றச்சாட்டைக் கேட்போம். ஏறத்தாழ 1292ஆம் ஆண்டில் பாண்டிநாட்டுக் கரையைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டு வேந்தன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகின்றான் என்றும், அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்குகின்றனர் என்றும், ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்றும் எழுதியுள்ளார். குதிரைகளுக்குச் சமைத்த சோற்றையும் இறைச்சியையும் ஊட்டுவதே இவ்வழிவிற்குக் காரணம் என்பது அவர் கருத்து. குதிரை மருத்துவமும் இலாடம் கட்டும் தொழிலும் அறிந்தவர் இங்கு இல்லை என்றும், அத்தகையோர் வந்துவிட்டால் விற்பனை குறையும் என்று அஞ்சிய வணிகர் அவர்களை வரவிடாது தடுத்தனர் என்றும் அவர் கூறுவர்.

போலோவுக்குச் சில ஆண்டுகள் பிற்பட்டு எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப், இவ்வணிகத்தின் கணக்கையே தருகின்றார். கீசுத் தீவின் தலைவரான சமாலுத்தீன், தம் சொந்த வளர்ப்பில் உள்ள குதிரைகளில் 1,400ஐ ஆண்டுதோறும் பாண்டிநாட்டிற்கு அனுப்ப உடன்படிக்கை செய்துகொண்டார். காயல் முதலிய துறைகளைக் கண்காணித்து வந்த தகியுத்தீன் அவர்தம் உடன்பிறந்தாரே ஆவர். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தினார். வழியில் கடலில் இறந்துபடும் குதிரைக்கும் அரசன் கருவூலத்திலிருந்தே விலை கொடுத்தல் வேண்டும் என்பது உடன்படிக்கையின் ஒரு கூறு. கத்தீபு, பகுரைன், ஓர்மசு முதலிய துறைகளினின்றும் ஆண்டிற்கு 10,000 குதிரைகள் ஏற்றுமதியாயின என்றும், அவற்றின் விலை 22,00,000 தினார் என்றும் அவர் மேலும் கூறுகின்றார். 10,000ஐ 220ஆல் பெருக்கிய தொகையே இது என்பதை நோக்குவார், இஃது எந்தச் சுங்கச் சாவடியின் ஏட்டிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று, எழுதுகோலால் பெருக்கிப் பெறப்பட்டது என்பதை எளிதில் உணர்வர். ஆயினும் வணிகத்தின் பருமை பற்றி ஐயம் இல்லை.

குதிரை பேணிய முறையைப் பற்றி வாசாப் கூறுவது போலோ கூறுவதினும் நுட்பமானது. பச்சை வாற்கோதுமைக்கு ஈடாக வறுத்ததையும், நெய்யிட்டுப் பிசைந்த தானியத்தையும் ஊட்டுவர். காய்ச்சிய பசும்பாலைப் பருகத் தருவர். நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றால் கொட்டிலிற் கட்டிக் கொழுக்க வைப்பர். பின்னர்ப் போதிய பயிற்சியின்றி ஏறிச் செலுத்துவர். அதனால் வலிய குதிரைகளும் விரைவில் நலிந்து பயனற்றுப் போகும். எனவே ஆண்டுதோறும் புதியன வாங்க வேண்டியதாகின்றது. இது வாசாபின் கூற்று.

இவ்விரு சான்றுகளையும் புறக்கணித்தல் நேர்மையாகாது. அசைவின்றிக் கட்டிவைத்துக் கொழுப்பூட்டப்பட்ட குதிரைக்குக் குளம்பினுள் அழற்சி கண்டு அது நொண்டும் என்பதும், மாவுச்சத்து மிக்க சோறு மிகுந்தால் குடல்நோவு உண்டாகும் என்பதும் இன்றைய விலங்கு மருத்துவம் ஒப்பும் உண்மைகள். அரிசித் தவிட்டில் பாசுபரம் மிகுதி, சுண்ணாம்புச் சத்துக் குறைவு. ஆதலின் அதனையே நெடுங்காலம் உண்ணும் குதிரையின் எலும்பு மெலியும், தலையெலும்பு வீங்கும். ஆகவே நெல்நிலத்து உணவு குதிரைக்கு ஒவ்வாதது என்ற அளவில் அயலார் கூற்று மெய்யே. ஆனால் போலோவின் நூலிலேயே மற்றொரு செய்தியும் உள்ளது. இந்நாட்டில் குதிரையை இனம்பெருக்குதல் இயலாது என்பது பலமுறை முயன்று கண்ட உண்மை என்றும், உயர்குலப் பெட்டையும் உயர்குல ஆணும் சேர்ந்து ஈன்ற குட்டியுங்கூடக் கால் கோணி ஏறுதற்குத் தகாததாகவே பிறக்கும் என்றும் அவர் எழுதுகின்றார். 'பலமுறை முயன்று' என்பது கருதத்தக்கது. வாங்குவதோடு அமையாது, வளர்க்கவும் இந்நாட்டார் முயன்றுள்ளனர் என்பது இதனாற் போதரும். குட்டியின் கால் கோணுதற்குச் சமைத்த இறைச்சி எவ்வாறு காரணமாகும் என்பதைப் போலோ விளக்கவில்லை. உணவு ஒன்றே காரணம் என்று முதலிற் கூறியவர், அதனினும் ஆழ்ந்த ஒன்று உளது என்பதைத் தம்மை அறியாமலே சொல்லிவிட்டார்.

இனி நம் இலக்கியத்துள் ஒரு சான்றினை நோக்குவோம். புறநானூற்றின் 299ஆம் பாட்டுக் குதிரைமறம் என்னும் துறையமைந்தது, பொன்முடியார் பாடியது. அப்பாட்டில் இருவகைக் குதிரைகள் எதிரெதிர் நிறுத்தப்படுகின்றன. ஒன்று, பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூரை ஆளும் மன்னனுடையது, உழுந்தின் சக்கையைத் தின்று வளர்ந்தது, நடை தளர்ந்தது. மற்றொன்று, மருதநிலத்து ஊர்களையுடைய தண்ணடை மன்னர்களுடையது. நெய் பெய்து மிதித்த உணவை உண்டது. பிடரிமயிர் கொய்து மாலை சூட்டப்பெற்றது. போர்க்களத்தில் உழுந்துச் சக்கை உண்ட குதிரை பகைவர் படைமுகத்தைப் பிளந்து செல்ல, நெய்யுணவு உண்ட குதிரைகள் ஒதுங்கி நின்றுவிட்டன என்பது பாட்டின் பொருள்.

புலவரின் கருத்து மறத்தைச் சிறப்பித்தலேயன்றிக் குதிரை வளர்ப்பினை ஆராய்தல் அன்று. இப்பாட்டை விலங்கு மருத்துவ ஏடாகக் கொள்ளுதல் பிழையாகும். எனினும் எளியவன் வெல்லும் முரணை அமைக்கப் பொன்முடியார் தேர்ந்துகொண்ட பொருள்கள் தம் காலத்து மக்கள் கண்ணாரக் கண்டனவாகவே இருத்தல் வேண்டும். பருத்தி புன்செய்ப் பயிர், உழுந்தும் அத்தகையதே. தண்ணடை என்பது நீர்வளம் மிக்க மருதநிலம். ஆகவே வறண்ட நிலத்துக் குதிரை, நன்செய் நிலத்துக் குதிரை என்ற பாகுபாடு சங்க காலத்திலேயே உணரப்பட்டிருந்தது என்று கொள்வதில் தவறில்லை. அன்றியும், நெய்யிட்ட உணவைக் குதிரைக்கு ஊட்டும் வழக்கத்தை வாசாப் பாண்டியர் காலத்துப் புதுமையாகவோ அறியாமையின் விளைவாகவோ கண்டார். அதுவோ அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே செல்வ மன்னர்தம் கொட்டிலில் வழங்கிய முறையாகும். அதன் பயனின்மையையும் ஒரு தமிழ்ப்புலவரே குறிப்பாற் சுட்டியிருக்கின்றார் என்பதை வாசாப் அறிய வழியில்லை.

நரியைப் பரியாக்கிய திருவிளையாடலையும் இவ்விடத்து ஒருவாறு எண்ணிப் பார்க்கலாம். திருவாதவூரர் அரசன் பொருளைக் கொண்டு குதிரை வாங்கச் சென்றதும், நரிகள் குதிரைகளாகி மதுரை வந்ததும், இரவில் மீண்டும் நரிகளாகிக் கொட்டிலில் இருந்த பழங்குதிரைகளையும் கொன்று ஓடியதும் யாவரும் அறிந்த வரலாறு. நரி குதிரையான குறிப்புத் திருநாவுக்கரசர் தேவாரத்திலும் உளது. எனவே கதையின் வேர் பழமையானது. இஃது இறைவன் அருட்செயலைக் கூறுவது. இதனை வேறு வகையாக உரைத்துச் சிறுமைப்படுத்த யாம் விரும்பவில்லை. ஆயினும் கருவூலம் வறள வாங்கிய குதிரைகள் விரைவிலேயே இல்லாதொழிந்ததைக் கண்டு பழகிய நாட்டு மக்களின் நெஞ்சில் இக்கதை எளிதில் வேரூன்றியதில் வியப்பில்லை.

இனி, நன்செய் நிலத்தில் குதிரையை அழித்த அவ்வாழ்ந்த காரணந்தான் யாது? வெப்பம் என்று ஒரு சொல்லில் விடை கூறுவார் உளர். அது பொருந்தாது. இங்கு வந்த குதிரைகள் பனிநாட்டுக் குதிரைகள் அல்ல. அரபு நாட்டின் கடுவெயிலிற் பிறந்து வளர்ந்தவை. வெப்பத்தோடு ஈரமும் கூடும்பொழுதுதான் அவை தளர்கின்றன. குதிரை தன் உடற்சூட்டை வியர்வையால் தணித்துக்கொள்ளும் விலங்கு; காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாவதில்லை. நெடுநாள் இந்நிலை நீடித்தால் சில குதிரைகளுக்கு வியர்க்கும் ஆற்றலே அற்றுப்போகும் என்பதை மருத்துவர்கள் கண்டுள்ளனர். நாளும் சேற்றில் நிற்கும் குளம்பு மென்மையுற்று அழுகும்.

இவற்றினும் கொடியது பூச்சியால் வரும் நோய். 'சுர்ரா' எனப்படும் நோயின் காரணமான நுண்ணுயிரைக் கிரிபித்து எவான்சு என்னும் படை மருத்துவர் 1880இல் பஞ்சாபின் தேரா இசுமாயில் கான் பகுதியில் கண்டறிந்தார். கடிக்கும் ஈக்கள் அதனை ஒரு விலங்கின் குருதியிலிருந்து மற்றொன்றிற்குக் கொண்டு செல்கின்றன. மாடும் எருமையும் இந்நோயைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், குதிரை தாங்காது. 'கும்ரி' என்ற மற்றொரு நோய் குதிரையின் பின்னுடலைச் செயலறச் செய்வது. இடுப்பைக் குறிக்கும் பாரசீகச் சொல்லினின்று பெயர் பெற்றது. இதன் காரணம் நெடுங்காலம் விளங்காதிருந்தது. மாட்டின் வயிற்றறையுள் யாதொரு தீங்கும் செய்யாது வாழும் ஒருவகை நூற்புழுவின் இளம் பருவம், கொசுவின் வழியாகக் குதிரையின் உடலுட் புகுந்து, வழி தவறி முதுகந்தண்டினுள் நுழைந்துவிடுவதே காரணம் என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெளிவாயிற்று. இதனை நம் மருதநிலத்தோடு பொருத்திப் பார்ப்போம். உழவு மாடும் எருமையும் ஊர்தோறும் நிறைந்துள்ளன. வயலும் வாய்க்காலும் ஏரியும் ஆண்டின் பெரும்பகுதி நீர் நிறைந்து கொசுவைப் பெருக்குகின்றன. அவற்றின் நடுவே அரசனுடைய கொட்டில். நெல்லுக்கும் உழவு மாட்டிற்கும் எது வாழ்வு தந்ததோ, அதுவே பரிக்குச் சாவாயிற்று. போலோ கண்ட அழிவு எந்நோயால் நேர்ந்தது என்று இன்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் இலாடம் கட்டத் தெரிந்த நூறு பாரசீகர் காயலில் வந்து இறங்கியிருந்தாலும், கொசுவையும் ஈயையும் அறியாத அக்காலத்தில், அவர்களால் இதனைத் தடுத்திருக்க முடியாது என்பது உறுதி.

எம் கருத்திற்கு மாறாகத் தோன்றும் இரண்டு சான்றுகளையும் ஈண்டுக் கூறுதல் முறையாகும். சோழநாட்டுக் கடற்கரையிலேயே, கோடியக்கரைக் காட்டில், மட்டக்குதிரைகள் கட்டுப்பாடின்றித் திரிந்து இனம் பெருக்கி வாழ்கின்றன. ஈழத்து யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவிலும் அத்தகைய குதிரைகள் உள்ளன. போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் கொண்டு வந்தவற்றின் வழியில் வந்தவை என அவற்றைக் கூறுவர். இரண்டும் கடல்மட்டத்தை ஒட்டிய நிலங்கள். இரண்டிலும் வெப்பம் மிகுதி. அங்ஙனமாயின் தாழ்நிலம் குதிரைக்கு ஆகாது என்பது எவ்வாறு? இவ்விரண்டிடங்களின் மண்ணை நோக்கினால் விடை கிடைக்கும். கோடியக்கரை மணலும் உவர்நிலமும் புல்வெளியும் கலந்தது. நெடுந்தீவு முருகைக்கல்லின் மேல் அமைந்த வறண்ட புல்நிலம். நெல்வயற் சேறு இரண்டிலும் இல்லை. அன்றியும் அங்கு வாழ்பவை உருவிற் சிறியன. பல தலைமுறை வலியன வாழ, மெலியன மாய்ந்து, தாமே நிலத்திற்கு இயைந்தவை. கவசம் அணிந்த வீரனைச் சுமக்கும் போர்க்குதிரையாக அவை பயன்பட்டிரா. பாண்டியனுக்கு வேண்டியது மட்டக்குதிரை அன்று. எனவே இச்சான்றுகள் எம் கருத்தை மறுக்கவில்லை, திருத்துகின்றன. உயரம் மட்டும் போதாது, வறட்சியும் வேண்டும் என்பதே அத்திருத்தம். பீமா ஆற்றுப் புன்செய்ப் பகுதிகளில் மராட்டியர்தம் சிறு குதிரைகள் செழித்ததையும் இதனோடு ஒப்பிடலாம்.

வறண்ட மேட்டு நிலத்தில் தலைநகர் அமைத்திருந்த விசயநகர வேந்தரும் குதிரைக்குக் கடலையே நம்பியிருந்தனர் என்பது உண்மை. 1530களில் எழுதிய போர்த்துக்கீசிய வணிகர் நூனிசு, அரசர் ஆண்டுதோறும் 13,000 ஓர்மசுக் குதிரைகளை வாங்கியதாகக் கூறுகின்றார். சாளுவ நரசிங்கர் காலத்தில் மூன்று குதிரைக்கு ஆயிரம் வராகன் என்ற விலையில் உயிருள்ளதும் இறந்ததும் ஒருங்கே ஏற்கப்பட்டன. கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டு வந்து காட்டினாலே விலை கிடைத்தது. பாண்டியன் உடன்படிக்கையும் இதுவும் இருநூறு ஆண்டு இடைவெளியில் ஒரே முறையைக் காட்டுகின்றன. வணிகனுக்கு இழப்பில்லாத இம்முறையில், கரையேறிய குதிரை நெடுநாள் வாழ வேண்டும் என்னும் அக்கறை அவனுக்கு எங்கிருந்து வரும்? ஆயினும் நூனிசு நாட்டுக்குதிரைகளையும் உடன் குறிப்பிடுகின்றார். மேட்டு நிலத்தில் நாட்டுக்குதிரை என ஒன்று இருந்தது. போலோ கண்ட தாழ்புலத்தில் அது கூறப்படவில்லை. வேறுபாடு சிறிதன்று.

இனி ஒசூருக்கு வருவோம். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தது. அலெக்சாந்தர் ரீடு அதன் ஆட்சியை ஏற்றார்; பின்னாளிற் புகழ்பெற்ற தாமசு மன்றோ அவர்க்குத் துணைவராயிருந்தார். மேட்டின் மேலுள்ள ஒசூர்ப் பகுதி 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னரே அவர்களுக்குக் கிடைத்தது. பாராமகாலிலிருந்து மலைத்தொடரைக் கடந்து மேலேறினால் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இம்மேட்டு நிலம் விரிகின்றது. உயரம் ஒன்றினாலேயே கடற்கரையினும் வெப்பம் ஐந்தாறு செண்டிகிரேடு குறைந்திருக்கும். மழை அளவானது, செம்மண்ணும் பருக்கைக் கல்லும் கலந்த நிலத்தில் நீர் தேங்காது வடிந்துவிடும். கேழ்வரகும் கொள்ளும் இங்கு இயல்பாக விளைபவை. கொள்ளின் பெயர் குதிரையோடு பிணைந்தே நம் பேச்சில் வழங்குதலைச் சொல்ல வேண்டுவதில்லை. தாழ்புலத்து மன்னன் வண்டியிலேற்றி வருவித்த அவ்வுணவு, இங்கே கொட்டிலின் பக்கத்திலேயே விளைந்தது. ஆலம்பாடி மாடுகளுக்கும் அண்மை நிலமே தாயகம். நல்ல மேய்ச்சல் நிலம் என்பதற்கு அதனினும் சான்று வேண்டா.

இப்பகுதியை அடுத்த தகடூர் நாடு அதியமான்கள் ஆண்டது. எழினியின் குதிரைமலை புறநானூற்றில், ஏறிச் செலுத்தப்படாத குதிரை என்னும் நயம்பட வெளிப்படையாகக் குறிக்கப்பெறுகின்றது. இப்பெயரைக் கொண்டு அங்கே பண்டு குதிரை வளர்த்தனர் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. அம்மலை பிட்டங்கொற்றனுக்கும் உரியதாகக் கூறப்படுதலின், அதன் இருப்பிடமே ஆய்வுக்குரியது. மலைகள் உருவத்தாலும் பெயர் பெறும். பெயரொப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு வரலாறு எழுதுவது நம்மிடையே பரவிவரும் ஒரு நோய். இளம் ஆராய்ச்சியாளர் இதனின்றும் விலகி நிற்றல் நன்று.

கும்பினியாரின் குதிரைப்படை தொடக்கத்திலேயே கடற்கரையை விட்டு உள்நாட்டிற் பாளையமிறங்கியிருந்தது. 1806 சூலை 10ஆம் நாள் வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபொழுது அதனை அடக்க விரைந்த குதிரைவீரர் ஆர்க்காட்டிலிருந்து வந்தவர்களே. 1809இல் சீரங்கப்பட்டணத்துப் படை, காவிரித் தீவின் காய்ச்சலால் ஓயாது மடிந்ததனால், பெங்களூர்க்கு மாற்றப்பட்டது. ஆற்றிடைக்குறையில் இருந்து 3,000 அடி உயரத்து வெளிநிலத்திற்குச் செய்த இம்மாற்றம் மனிதர் பொருட்டே நிகழ்ந்தது. ஆனால் மனிதனைக் கொன்ற ஈரமே குதிரையையும் கொல்வது ஆதலின், இரண்டும் ஒரே திசையிற் சென்றன. மைசூர் நாட்டின் குனிகலில் திப்பு சுல்தான் காலத்தொடு இணைத்துக் கூறப்படும் குதிரைப் பண்ணையும் இம்மேட்டு நிலத்தின் ஒரு கூறே. எனவே ஆங்கிலேயர் ஒசூரைத் தேர்ந்தது அவர்தம் அறிவின் தனிப்பெருமை அன்று. மைசூர் ஆட்சியாளர் முன்னரே கண்டிருந்த உண்மையைப் பின்பற்றியதே ஆகும்.

ஒசூருக்கு அண்மையில் மத்திகிரியில் 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அமைந்த பண்ணையின் தொடக்கத்தை 1824ஆம் ஆண்டோடு சேர்த்துக் கூறுவர். படைக்கு வேண்டிய குதிரைகளை இங்கேயே இனம்பெருக்கி வளர்த்தல் அதன் முதல் நோக்கம். தட்பவெப்பத்தின் இனிமை குதிரையோடு நின்றுவிடவில்லை. வெயிலை அஞ்சிய ஆங்கில அதிகாரிகளும் இவ்வூரை நாடி வந்தனர். 'சிறிய இங்கிலாந்து' என்னும் பெயரும் இவ்வூருக்கு வழங்கலாயிற்று. ப்ரெட் என்னும் அதிகாரி தம் நாட்டின் கெனில்வொர்த்துக் கோட்டையை ஒத்த மாளிகை ஒன்றை இங்குக் கட்டினார். அதன் இடிபாடு நெடுங்காலம் எஞ்சி நின்றது.

பண்ணையின் பிற்கால நிலையே நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டுவது. இனப்பெருக்கத்திற்கென எழுந்த இவ்விடம், காலப்போக்கில், வெளிநாட்டுக் குதிரைகளை வாங்கிக் கொணர்ந்து சில காலம் வைத்துப் பழக்கிப் படைப்பிரிவுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் நிலையமாக மாறிற்று. 1830கள் தொட்டு ஆசுத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சிலிருந்து குதிரைகள் இந்தியத் துறைகளில் வந்து இறங்கலாயின. 'வேலர்' என்று பெயர் பெற்ற இவை, நாளடைவில் அரபுக் குதிரையின் இடத்தைப் பற்றிக்கொண்டன. சென்னைத் துறையில் இறங்கிய வேலர்கள் மேட்டு நிலத்திற்கு ஏற்றப்பட்டு, அந்நிலத்தின் குளிர்ச்சியில் பயணக் களைப்பு நீங்கிப் புது நாட்டிற்குப் பழகின. விலைகூறும் துறை காயலினின்று சென்னைக்கு மாறியது. விற்போர் பாரசீகக் குடாவினின்று தென்கடலுக்கு மாறினர். ஆனால் கப்பல் வரவு நிற்கவில்லை.

இந்நிகழ்ச்சியை மார்க்கோ போலோவின் குற்றச்சாட்டுடன் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். ஆங்கிலேயரிடம் இலாடம் கட்டுவோர் இருந்தனர், விலங்கு மருத்துவர் இருந்தனர், சோறும் இறைச்சியும் ஊட்டும் வழக்கம் இல்லை, பயிற்சியில் குறைவில்லை, பணத்திற்கும் முட்டில்லை. இத்தனையும் இருந்தும் அவர்கள் தஞ்சையிலோ மதுரையிலோ குதிரைப் பண்ணை அமைத்து வெற்றி காணவில்லை. மேட்டு நிலத்திற்கே சென்றனர். சென்ற இடத்திலும் குதிரை பிழைத்ததேயன்றிப் படையின் தேவையை நிறைக்கும் அளவிற்கு இனம் பெருகவில்லை. மீண்டும் கப்பலையே நம்பினர். பாண்டியனது அறியாமை என்று சொல்லப்பட்டது, அறிந்தோர் என்று தம்மைக் கருதிய அரசினர்க்கும் ஐந்து நூற்றாண்டு கழித்து நேர்ந்தது. அதனைப் பாண்டியன்மேல் மட்டும் ஏற்றிக் கூறுதல் தகுமா?

ஆனால் பாண்டியரையும் சோழரையும் முற்றிலும் விடுவித்துவிடவும் யாம் ஒருப்படவில்லை. சோழர் ஆட்சி கங்கபாடி மேட்டு நிலத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருந்தது. ஒசூர்ப் பகுதியும் அதனைச் சார்ந்ததே. கையில் இருந்த அந்நிலத்தைக் குதிரைக்கெனப் பயன்படுத்த அவர்கள் முயன்றார்களா? மேட்டு நிலத்துக் கல்வெட்டுக்களைக் குதிரைக் கொடை, கொட்டில், புல்வரி ஆகியவற்றை மட்டும் மனத்திற்கொண்டு ஒருமுறை முழுமையாகப் படித்தல் வேண்டும். அப்பகுதியில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்த கல்வெட்டுக்கள் உள்ளன. மும்மொழியும் அறிந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இதனை மேற்கொள்ளலாம். ஆநிரை காத்து உயிர்நீத்தோர்க்கு எடுத்த நடுகற்கள் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் குதிரைமேல் அமர்ந்த வீரனைக் காட்டும் கற்களை மட்டும் தனியே தொகுத்து, அவை நிற்கும் நிலம் நன்செய்யா புன்செய்யா என்று குறித்துவரின், பொன்முடியார் கண்ட பாகுபாடு கல்லிலும் உளதா என்பது விளங்கும்.

மத்திகிரிப் பண்ணை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குதிரையை விட்டு மாட்டிற்கு உரியதாயிற்று. இயந்திர வண்டி பெருகப் படைக்குக் குதிரை வேண்டாததாயிற்று. அரசின் கால்நடைப் பண்ணையாகச் சிந்தி முதலிய மாட்டினங்கள் அங்கு வளர்க்கப்படலாயின. ஒசூர் 1970கள் முதல் தொழிற்சாலை நகரமாக வளர்ந்தது. 2004இல் கிருட்டிணகிரி மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபொழுது அதனுள் அடங்கிற்று. இன்று அவ்வூரின் இனிய தட்பவெப்பத்தை நாடிக் குடியேறுவோர் பலராயினும், அவருள் குதிரையுடன் வருபவர் இலர்.